சுருங்கிய பட்டாணிக்குள் என்ன நடக்கிறது?

"ஓங்கு ஜீன், பக்கத்திலேயே இருக்கும் ஒடுங்கு ஜீனை எப்படி அடக்கி வைக்கிறது?" என்று பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருந்தார். (இரண்டும் சேர்ந்திருக்கும்போது எதன் பண்பு வெளியே தெரிகிறதோ அது ஓங்கு ஜீன்; தெரியாமல் மறைந்திருப்பது ஒடுங்கு ஜீன்.) நல்ல கேள்வி. பெரும்பாலும் அது எதையும் அடக்குவதில்லை.

மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டலின் கதை பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். உருண்டை விதைப் பட்டாணியையும் சுருங்கிய விதைப் பட்டாணியையும் கலந்தார். முதல் தலைமுறை முழுக்க உருண்டை. அடுத்த தலைமுறையின் 7,324 விதைகளில் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. 1866-இல் அச்சான கணக்கு இது. சரி, விதை ஏன் சுருங்குகிறது? ஜீன் அளவில் அதற்கு விடை 1990-இல்தான் வந்தது, இங்கிலாந்தின் நார்விச் நகரில் உள்ள ஜான் இன்னஸ் மையத்திலிருந்து.

இலையில் உருவாகும் சர்க்கரை விதைக்கு வந்து சேர்கிறது. விதை அதை ஸ்டார்ச்சாக்கிச் சேமிக்கிறது. ஸ்டார்ச் சங்கிலிகளில் கிளைகளை உண்டாக்க ஒரு நொதி வேண்டும். சுருங்கிய வகையில், அந்த நொதிக்கான ஜீனுக்குள் சுமார் 800 எழுத்து நீளமுள்ள டி.என்.ஏ. துண்டு ஒன்று எங்கிருந்தோ தாவி வந்து உட்கார்ந்துவிட்டது. அதனால் வேலை செய்யும் நொதி இல்லை. கிளை குறைய ஸ்டார்ச்சும் குறைகிறது, சர்க்கரை தேங்குகிறது. தேங்கிய சர்க்கரை சவ்வூடு பரவலால் தண்ணீரை உள்ளே இழுக்கிறது. பச்சையாக இருக்கும்போது இந்த விதைதான் அதிகம் உப்பியிருக்கும், இனிப்பும் கூடுதல்! முற்றிக் காயும்போது அவ்வளவு தண்ணீரும் வெளியேற, தளர்ந்த தோல் மடிந்து சுருங்குகிறது. ஒரே ஒரு ஜீன் பழுதானதற்கு இத்தனை விளைவுகள்!

கலப்பினச் செடியில் இந்த ஜீனின் இரண்டு பிரதிகளில் ஒன்று நல்லது, ஒன்று பழுது. அந்த ஒரு நல்ல ஜீன் தரும் நொதியே விதை உருண்டையாக இருக்கப் போதும். ஓங்கு தன்மை என்பது இங்கே இவ்வளவுதான். அதே விதையின் ஸ்டார்ச் துகளை நுண்ணோக்கியில் பாருங்கள்: இரண்டு வகைக்கும் நடுவில் ஒரு தோற்றம். வெறுங்கண்ணுக்கு முழுமையாகத் தெரிந்த ஓங்கு தன்மை, துகளில் பாதிதான்.

பட்டாணி ஏன் சுருங்குகிறது என்று ஆராயவா மக்கள் பணம் என்று கேட்பவர்கள் உண்டு. இந்தச் சுருங்கிய பட்டாணியைச் சாப்பிட்டவர்களுக்கு ரத்தச் சர்க்கரை குறைவாகவே ஏறியது என்று 2020-இல் ஓர் ஆய்வு வந்தது. நீரிழிவு இவ்வளவு பரவியிருக்கும் நம் ஊரில் இதைப் போன்ற அடிப்படை ஆய்வுக்குத் தாராளமாகவே பணம் ஒதுக்க வேண்டும்.

அப்புறம், ஒடுங்கு பண்பு என்றால் மட்டமானது என்ற நினைப்பும் போக வேண்டும். 1962-இல் பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இந்தோனேசிய நெட்டை நெல்லையும் தைவான் குட்டை நெல்லையும் கலந்தார்கள். முதல் தலைமுறை முழுக்க நெட்டை. குட்டைத் தன்மை ஒடுங்கு பண்பு. தண்டை நீளவைக்கும் ஜிப்பெரல்லின் ஹார்மோனைத் தயாரிக்கும் ஜீன் ஒன்று அதில் பழுது. அடுத்த தலைமுறையில் கால் பங்கு குட்டையாக வந்தது. உரம் போட்டாலும் சாயாத அந்தக் குட்டைப் பயிர்களிலிருந்து தேர்ந்தெடுத்ததுதான், 1966-இல் வெளியாகி நம் வயல்களுக்கும் வந்த ஐ.ஆர்.8.