டெமரேஜ்: சுணக்கத்தின் விலை

பர்மாத் தேக்கை இறக்கி வீடு கட்டிய செட்டிநாடு, இன்று ஆத்தங்குடி டைல்ஸைக் கப்பலேற்றுகிறது. அந்த வியாபாரத்தில் இருப்பவர்களுக்குப் பிடிக்காத சொல் ‘டெமரேஜ்’. தங்குதல், சுணங்குதல் என்ற பொருளுடைய லத்தீன் வினையில் பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது.

முதலில் இது கன்டெய்னருக்கு உரிய சொல்லே அல்ல; முழுக் கப்பலுக்கு உரியது. கப்பலை வாடகைக்குப் பிடித்தவர், சரக்கை ஏற்றி இறக்கப் பேசிய கெடுவைத் தாண்டினால் கப்பல்காரருக்கு நாள்கணக்கில் கட்டும் தொகை. கெடுவுக்கு முன்பே வேலை முடிந்தால் கப்பல்காரர் பணம் தருவதும் உண்டு. அதற்குப் பெயர் ‘டெஸ்பாட்ச்’. வழக்கமாக டெமரேஜ் விகிதத்தில் பாதி. கன்டெய்னர் வியாபாரத்துக்குக் கட்டுகிற வழக்கம் மட்டும் வந்துசேர்ந்தது, வாங்குகிற வழக்கம் வரவில்லை!

இப்போதைய பொருள் இதுதான்: சரக்குப் பெட்டி துறைமுகத்துக்குள் இலவச நாட்களைத் தாண்டிக் கிடந்தால் டெமரேஜ், துறைமுகத்துக்கு வெளியே நம்மிடம் தங்கினால் ‘டிடென்ஷன்’. ஏற்றுமதி செய்பவர் அஞ்ச வேண்டியது இரண்டாவதற்கு. தூத்துக்குடியிலிருந்து காலிப் பெட்டி வாசலில் வந்து நிற்கும். கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணம் ஊற்றி வார்த்த கல்லோ இன்னும் தண்ணீர்த் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கும். சிமெண்டுக் கல்லை அவசரப்படுத்த முடியாது. அது ஊறி, காய்ந்து, மரப்பெட்டியில் அடங்கும்வரை டிடென்ஷன் ஏறும். இத்தனைக்கும் இருபது அடிக் கன்டெய்னரில் டைல்ஸை அடுக்கினால், பாதி இடம் நிறையும் முன்பே எடை வரம்பு வந்துவிடும். மீதி இடத்தில் காற்றுதான் பயணம் போகிறது.

தமிழில் ‘தாமதக் கட்டணம்’ என்று எழுதிவிடுகிறார்கள். மின்கட்டணத்தைப் பிந்திக் கட்டினாலும் அதே பெயர்தான். பேச்சில் ‘தண்டம் அழுதோம்’ என்பதில் வயிற்றெரிச்சல் சரியாக வருகிறது, பொருள் வரவில்லை: தண்டம் குற்றத்துக்கு, கப்பல் வாடகை ஒப்பந்தத்தில் டெமரேஜ் என்பது முன்கூட்டியே பேசி முடித்த நட்ட ஈடு. ‘சுணக்கக் கட்டணம்’ என்பதே எனக்கு ஒப்பு. வேர்ப்பொருளும் அதில் நிற்கிறது. டிடென்ஷனைக் ‘கைவசக் கட்டணம்’ எனலாம்.

சில பில்களில் இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாகப் போட்டிருப்பார்கள். பெட்டி எந்தத் தேதியில் எங்கே இருந்தது என்ற கணக்கைக் கேட்டு வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள்.