தேடலில் தளம் பின்னுக்குப் போனால்: கை வைப்பதற்கு முன் காரணத்தைக் கண்டறியுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தொழில் செய்வோருக்கு இணையதளம் அமைத்துக் கொடுப்பதும், அந்தத் தளங்கள் தேடுபொறியில் தெரியும்படி பராமரிப்பதும் என் தொழில். கூகுள் தன் தரவரிசை முறையில் பெரிய மாற்றம் செய்யும் ஒவ்வொரு முறையும் எனக்கு வரும் அழைப்புகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன: முதல் பக்கத்தில் இருந்த தளம் மூன்றாம் பக்கத்துக்குப் போய்விட்டது, விசாரித்து வரும் அழைப்புகள் நின்றுவிட்டன, இன்றைக்கே ஏதாவது செய்ய வேண்டும். அவர்களின் பதற்றம் நியாயமானது. ஓசூரில் சிறிய லேத் பட்டறை நடத்துபவருக்கும், ஒகேனக்கல்லில் தங்கும் விடுதி வைத்திருப்பவருக்கும் புதிய வாடிக்கையாளர் பெரும்பாலும் கைபேசித் தேடல் வழியாகத்தான் வருகிறார். ஆயினும் நான் பார்த்த வரையில், காரணம் தெரிவதற்கு முன்பே அவசரமாகச் செய்யப்படும் திருத்தங்கள், தரவரிசை மாற்றம் விளைவித்த இழப்பைவிடப் பெரிய இழப்பை விளைவித்திருக்கின்றன. அதைத் தடுப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த மாற்றங்கள் எத்தகையவை என்பதைப் புரிந்துகொள்வோம். கூகுள் ஆண்டு முழுவதும் சிறு சிறு மாற்றங்களைச் செய்துகொண்டே இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவற்றை நாம் உணர்வதே இல்லை. ஆண்டில் சில முறை மட்டும் 'கோர் அப்டேட்' எனப்படும் மையப் புதுப்பிப்பை முன்கூட்டியோ, தொடங்கும் போதோ அறிவிக்கிறது. 2024-இல் மார்ச், ஆகஸ்ட், நவம்பர், டிசம்பர் ஆகிய மாதங்களில் நான்கு முறை இது நடந்தது. அவற்றுள் மார்ச் 5 அன்று தொடங்கியது முழுமையாக நடைமுறைக்கு வர 45 நாட்கள் பிடித்தன. இந்த நாட்களில் ஒரு தளத்தின் இடம் காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறொன்றாகவும் இருக்கக்கூடும் என்பதால், அப்போது கிடைக்கும் எண்களை வைத்து எந்த முடிவுக்கும் வர இயலாது.

இன்னொரு வகை, குறிப்பிட்ட ஒரு குறையைக் குறிவைத்து வந்த மாற்றங்கள். 2011 பிப்ரவரியில் வந்த 'பாண்டா', சரக்கில்லாமல் பக்கங்களை மட்டும் பெருக்கிய தளங்களைக் கீழே தள்ளியது. 2012 ஏப்ரலில் வந்த 'பென்குயின்', பிற தளங்களிலிருந்து தம் பக்கத்துக்கு விலை கொடுத்து வாங்கிய இணைப்புகளால் உயர்ந்திருந்த தளங்களைத் தாக்கியது. 2015 ஏப்ரல் 21 முதல், கைபேசித் தேடலில், கைபேசியில் படிக்க வசதியான பக்கங்களுக்கு முன்னுரிமை கிடைத்தது. 2022 ஆகஸ்டில், மனிதருக்காக எழுதப்பட்டதா தேடுபொறிக்காக எழுதப்பட்டதா என்று உள்ளடக்கத்தை எடைபோடும் முறை அறிமுகமானது. 2024 மார்ச்சில் அது மையத் தரவரிசை முறைக்குள்ளேயே சேர்க்கப்பட்டுவிட்டது.

குறை ஒன்றைக் குறிவைத்து வரும் மாற்றத்துக்கும் மையப் புதுப்பிப்புக்கும் உள்ள வேறுபாட்டைத் தள உரிமையாளர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. மையப் புதுப்பிப்பில் சரிந்த தளம் தவறு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ராயக்கோட்டைச் சந்தைக்கு ஒரு நாள் தரமான தக்காளி அதிகமாக வந்து இறங்கினால், நேற்று முதல் தரமாக விலைபோன அதே தோட்டத்துக் காய் இன்று இரண்டாம் இடத்துக்குப் போகிறதல்லவா, அதற்கு ஒப்பானது இது. மற்ற பக்கங்கள் மறுமதிப்பீட்டில் மேலே வந்ததால் நம் பக்கம் இறங்கியிருக்கலாம். இரண்டாம் இடத்திலிருந்து நான்காம் இடத்துக்குப் போனதற்காகப் பக்கத்தையே மாற்றி எழுத வேண்டாம் என்றும், நான்கிலிருந்து இருபத்தொன்பதுக்குப் போனது போன்ற பெரும் சரிவுக்குத்தான் தளத்தை ஆழமாக மதிப்பிட வேண்டும் என்றும் கூகுளே வழிகாட்டுகிறது. புதுப்பிப்பு முடிந்து குறைந்தது ஒரு வாரம் பொறுத்திருந்து, அந்த வாரத்தின் எண்களைப் புதுப்பிப்பு தொடங்குவதற்கு முந்தைய ஒரு வாரத்தின் எண்களோடு ஒப்பிட வேண்டும் என்பதும் அதன் அறிவுரை. தொடக்க நாளும் முடிந்த நாளும் கூகுள் தேடலுக்கான நிலைப் பலகை (ஸ்டேட்டஸ் டாஷ்போர்டு) என்ற இணையப் பக்கத்தில் எல்லோரும் காணும்படி வெளியிடப்படுகின்றன.

ஒப்பிடுவதற்கான கருவி, தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல், அது இலவசமானது. நம் பக்கம் தேடல் முடிவுகளில் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை முறை கிளிக் செய்யப்பட்டது, சராசரியாக எந்த இடத்தில் இருந்தது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் காரணத்தின் திசை பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சராசரி இடம் மாறாமல், காட்டப்பட்ட எண்ணிக்கை மட்டும் குறைந்திருந்தால் தரவரிசைக்கு ஒன்றும் ஆகவில்லை, தேடுவோர்தான் குறைந்திருக்கிறார்கள். நம் மாவட்டங்களில் இதை நான் அடிக்கடி காண்கிறேன். கிருஷ்ணகிரிப் பகுதியின் மாங்கூழ் தொழிற்சாலைகளுக்கான தேடல் காய்ப்புக் காலத்தை ஒட்டி ஏறி, ஜூலைக்குப் பின் இறங்குவது இயல்பு. ஒகேனக்கல் விடுதிகளின் நிலை இன்னும் சிக்கலானது. கோடை விடுமுறையிலும் ஆடிப்பெருக்கை ஒட்டியும் தேடல் உயரும். ஆனால் கர்நாடக அணைகளிலிருந்து உபரி நீர் திறக்கப்பட்டுக் காவிரியில் வரத்து பெருகினால், பரிசல் இயக்கவும் அருவியில் குளிக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கும், அந்தச் செய்தி வெளியான உடனே அறை தேடுவோர் மறைந்துவிடுவார்கள். 2024-இன் ஆகஸ்ட் மையப் புதுப்பிப்பு 15-ஆம் தேதி தொடங்கியது. மாங்காய்ப் பருவம் முடிந்து, காவிரியில் வெள்ளம் போய்க்கொண்டிருந்த அந்தக் காலத்தில் ஏற்பட்ட வீழ்ச்சியை எல்லாம் கூகுளின் கணக்கில் எழுதியவர்கள் பலர். சர்ச் கன்சோல் 16 மாதத் தரவுகளைச் சேமித்து வைத்திருப்பதன் பயன் இங்கேதான் தெரியும்: சென்ற மாதத்தோடு ஒப்பிடாமல், சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட வேண்டும்.

இடமும் காட்டப்பட்ட எண்ணிக்கையும் மாறாமல் கிளிக் மட்டும் குறைந்திருந்தால், தேடல் முடிவுப் பக்கத்தின் அமைப்பு மாறியிருக்கிறது என்று கொள்ளலாம். நமக்கு மேலே விளம்பரங்களோ, வரைபடத்தோடு அருகிலுள்ள கடைகளைக் காட்டும் வரைபடப் பட்டியலோ, செயற்கை நுண்ணறிவு தொகுத்துத் தரும் விடையோ வந்து அமர்ந்திருக்கும். அந்த விடைத் தொகுப்பு இந்தியாவுக்கு விரிவுபடுத்தப்பட்டதும் 2024 ஆகஸ்டின் நடுவில்தான் என்பதால், அந்த மாதத்து எண்களைப் பிரித்தறிய எனக்கே பொறுமை தேவைப்பட்டது. 'ரோஜாப் பதியனை எப்போது நடலாம்' போன்ற பொதுக் கேள்விகளுக்கு விடையளித்து வருகையாளர்களைப் பெற்றுவந்த ஓசூர் நர்சரித் தளங்களுக்கு இது உண்மையான இழப்பு, அந்தக் கிளிக்குகள் பழைய அளவுக்குத் திரும்பும் என்று நான் யாருக்கும் நம்பிக்கை கொடுப்பதில்லை. விலை, இருப்பு, அனுப்பும் முறை ஆகியவற்றைத் தேடி வருபவர்களைத் தக்கவைக்கும் பக்கங்களில் உழைப்பைச் செலுத்தும்படி சொல்கிறேன்.

சராசரி இடமே சரிந்திருந்தால்தான் தரவரிசை இறங்கியிருக்கிறது என்று சொல்ல முடியும். அப்போதும்கூட, முதலில் தளத்தின் தொழில்நுட்பப் பழுதுகளைத் தேடுங்கள். ஓசூரைச் சேர்ந்த ஓர் உதிரிபாகத் தயாரிப்பு நிறுவனத்தின் தளம் மையப் புதுப்பிப்பு நடந்துகொண்டிருந்த வாரத்தில் முற்றிலும் மறைந்தது. சோதித்தபோது, புதிய வடிவமைப்பைச் செய்தவர், சோதனைக் காலத்தில் தேடுபொறி வராமல் தடுக்க வைத்திருந்த 'நோஇண்டெக்ஸ்' கட்டளையை நீக்காமலே தளத்தை வெளியிட்டிருந்தது தெரிந்தது. வேறு சில தளங்களில், வடிவமைப்பு மாறியபோது பக்க முகவரிகளும் மாறியிருக்கும்; பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் ஏற்பாடு செய்யப்பட்டிருக்காது. இவற்றைச் சரிசெய்ய ஓரிரு மணி நேரம் போதும். இத்துடன் சர்ச் கன்சோலில் 'கைமுறை நடவடிக்கை' என்ற பகுதியையும் திறந்து பாருங்கள். கூகுளின் பணியாளர் ஒருவர் ஆராய்ந்து தண்டித்திருந்தால் அங்கே அறிவிப்பு இருக்கும், குறையைக் களைந்துவிட்டு மறுஆய்வுக்கு விண்ணப்பிக்கலாம். அல்காரிதம், அதாவது கூகுளின் தரவரிசைக் கணிப்பு முறை, தானாகச் செய்த இறக்கத்துக்கு அப்படி அறிவிப்போ விண்ணப்பமோ கிடையாது.

இவை எதுவும் காரணமில்லை என்று உறுதியான பிறகுதான் உள்ளடக்கத்தைக் கேள்வி கேட்க வேண்டும். நம் பகுதியில் நான் மிகுதியாகக் காணும் குறை, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி அச்சடித்த பக்கங்கள். போர்வெல் போடும் நிறுவனம் ஒன்றுக்கு வெளியூர் முகமை அமைத்த தளத்தில் பாலக்கோடு, மாரண்டஅள்ளி, காரிமங்கலம், பென்னாகரம், நல்லம்பள்ளி, மொரப்பூர், அரூர் என ஊர் ஊராகத் தனித்தனிப் பக்கம் இருந்தது. எல்லாவற்றிலும் ஒரே பத்திகள், ஒரே படம். சில காலம் அது பலனும் தந்தது. பிறகு பக்கங்கள் அனைத்தும் ஒன்றாகச் சரிந்தன. தேடுபவரை ஒரே இடத்துக்குக் கொண்டு சேர்க்கும் இத்தகைய வாசல் பக்கங்களைக் கூகுள் நெடுங்காலமாகவே ஏற்பதில்லை. 2024 மார்ச்சில், மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும், தரவரிசைக்காகவே பயனற்ற பக்கங்களைத் திரளாக உருவாக்குவதைத் தன் விதிமீறல் பட்டியலில் வெளிப்படையாகச் சேர்த்தது.

அந்த நிறுவனத்தாரிடம் நான் கேட்டது ஒன்றே: ஒவ்வொரு ஊரிலும் துளையிட்டபோது எழுதிவைத்த குறிப்புகள் இருக்கின்றனவா? இருந்தன. கடினப் பாறை நிறைந்த நம் மாவட்டங்களில், எந்த ஊரில் எத்தனை அடிக்குக் கேசிங் பைப் இறக்க வேண்டியிருந்தது, பாறை எங்கே தொடங்கியது, நீர் எந்த ஆழத்தில் கிடைத்தது, எங்கே கிடைக்காமல் போனது என்பதெல்லாம் பல ஆண்டுகளின் பில் புத்தகங்களிலும் நோட்டுகளிலும் இருந்தன. தருமபுரி மாவட்ட நிலத்தடி நீரில் ஃபுளோரைடு சிக்கல் இருப்பதை அனைவரும் அறிவோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். ஆகவே, குடிநீருக்குப் பயன்படுத்தும் முன் நீரைப் பரிசோதிக்க வேண்டும் என்பதையும் சேர்த்து, நகல் பக்கங்களை நீக்கி, உண்மையான பணி அனுபவம் உள்ள ஊர்களுக்கு மட்டும் அந்தந்த விவரங்களோடு பக்கங்கள் எழுதினோம். நீர் கிடைக்காத இடங்களையும் எழுதச் சொன்னபோது நிறுவனத்தார் தயங்கினார்கள். ஆனால் படிப்பவருக்கு நம்பிக்கை பிறப்பது அங்கேதான். தேடல் தரத்தை மதிப்பிடுவோருக்கான வழிகாட்டியில் நிபுணத்துவம், அதிகாரம், நம்பகத்தன்மை ஆகியவற்றோடு நேரடி அனுபவத்தையும் 2022 டிசம்பரில் கூகுள் சேர்த்தது. அனுபவம் என்பதற்கு அந்த நோட்டுகளைவிட நல்ல சான்று வேறு எதைக் காட்டுவது?

இத்தகைய திருத்தத்தின் பலன் ஒரே வாரத்தில் தெரியாது. அடுத்த மையப் புதுப்பிப்பு வரும் வரையிலும் தெரியாமல் போகலாம், அதன் பிறகும் பழைய இடம் கிடைக்கும் என்று உறுதி கூற இயலாது. இதை வாடிக்கையாளரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது எங்கள் தொழிலின் கடமை.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 நொடிக்குள் தோன்ற வேண்டும், தொட்டால் 200 மில்லி நொடிக்குள் எதிர்வினை இருக்க வேண்டும் என்பவை கூகுள் வகுத்த நல்ல அளவுகள். அஞ்செட்டி, சித்தேரி மலைப் பகுதிகளில் வலுக்குறைந்த சிக்னலில் திறப்பவரை எண்ணியாவது படங்களின் அளவைக் குறைக்க வேண்டும். எனினும் தரவரிசைச் சரிவுக்கு வேகம் மட்டுமே காரணமாக இருந்ததை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

கடை, மருத்துவமனை, பட்டறை போன்றவற்றுக்கு வரைபடப் பட்டியலின் கணக்கு வேறு. பொருத்தம், தூரம், அறியப்பட்ட அளவு ஆகிய மூன்றின் அடிப்படையில் அங்கே வரிசை அமைகிறது. ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் நின்று தேடுபவரும், எல்லைக்கு அப்பால் பெங்களூருவின் எலெக்ட்ரானிக் சிட்டியில் இருந்து தேடுபவரும் ஒரே வரிசையைக் காண மாட்டார்கள். எனவே உரிமையாளர் தன் கடையில் அமர்ந்து தன் கைபேசியில் தேடிப் பார்த்து முடிவுகட்டுவது எந்தத் திசையிலும் சரியான அளவாகாது. கூகுளில் தொழிலைப் பதிவு செய்யும் வணிகச் சுயவிவரப் பக்கத்தோடு (பிசினஸ் புரொஃபைல்) இலவசமாகக் கிடைத்துவந்த சிறு இணையதளங்களைக் கூகுள் 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது என்பதை அறியாமல், அந்தப் பழைய முகவரியையே இன்னமும் விசிட்டிங் கார்டில் அச்சிட்டு வைத்திருப்பவர்களும் நம்மூரில் உண்டு, உடனே மாற்றிக்கொள்ளுங்கள்.

சரிவு நேர்ந்த வாரங்களில்தான் 'முதல் இடம் உறுதி' என்ற வாட்ஸ்அப் விளம்பரங்கள் குவிகின்றன. முதல் இடத்துக்கு எவராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுள் தன் வழிகாட்டியிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மாதக் கட்டணத்துக்கு ஆயிரக்கணக்கான பேக்லிங்க் (பிற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு) தருவதாகச் சொல்பவர்களிடம், அவை எந்தத் தளங்களிலிருந்து வரும் என்று எழுத்தில் கேளுங்கள். 2016-க்குப் பின் பென்குயின் முறை இத்தகைய இணைப்புகளைப் பெரும்பாலும் மதிப்பில்லாதவையாகக் கழித்துவிடுகிறது. ஆகவே பணம் வீணாவது உறுதி, சில வேளைகளில் கைமுறை நடவடிக்கையும் சேர்ந்து வரும். மேலும், ஒரே வாரத்தில் தலைப்புகளையும் முகவரிகளையும் உரையையும் இணைப்புகளையும் மாற்றிவிட்டால், பின்னர் ஏற்றமோ இறக்கமோ எதனால் வந்தது என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாமல் போகிறது. தளத்தில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். நான் சோதிக்கச் செல்லும்போது முதலில் கேட்பது அதைத்தான்.

இந்தச் சோதனைகள் அனைத்தையும் செய்வதற்கு, தளம் உங்கள் கையில் இருக்க வேண்டும். டொமைன் எனப்படும் தளத்தின் பெயர் முகமையின் பெயரில், தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் ஹோஸ்டிங் வேறொருவரின் கணக்கில், சர்ச் கன்சோலோ எவரிடம் இருக்கிறது என்றே தெரியாத நிலையில் பல தொழில் முனைவோர் இருக்கிறார்கள். முகமையோடு கருத்து வேறுபாடு வந்த நாளில் அவர்களால் 16 மாதத் தரவில் ஒரு வரியைக்கூடப் பார்க்க முடிவதில்லை. டொமைனை உங்கள் நிறுவனத்தின் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள்; டொமைன் எந்தச் சேவைகளோடு இணைகிறது என்பதைக் குறிக்கும் அதன் டி.என்.எஸ். பதிவின் மூலம் சர்ச் கன்சோலில் நீங்களே உரிமையாளராகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முகமைக்கோ என்னைப் போன்றவருக்கோ பயனர் அனுமதி மட்டும் கொடுங்கள், பணி முடிந்ததும் அதை நீக்கிவிடுங்கள். சர்ச் கன்சோலில் இணைத்த பிறகுதான் தரவு சேரத் தொடங்கும் என்பதால், தளம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இந்த நாட்களிலேயே அதைச் செய்துவிட வேண்டும்.