கால்சட்டைப் பையில் கல் சேர்க்கும் பிள்ளை

துவைக்கப் போட்ட கால்சட்டைப் பையைத் தட்டினால் கல் விழும் வீடுகள் சேலத்தில் நிறைய உண்டு. மேக்னசைட் என்ற கனிமத்தை வெட்டியெடுக்கும் வெள்ளை மேடுகள் ஊரை ஒட்டியே இருக்கின்றன. சாலையோரம், வீடு கட்டக் கொட்டிய ஜல்லி, பள்ளி மைதானம் என்று எங்கே குனிந்தாலும் பிள்ளை கைக்கு ஏதாவது ஒரு வெள்ளைக்கல் அகப்படும். இன்னொரு வீட்டில் கல்லுக்குப் பதில் ரயில்: ஜங்ஷனில் நிற்கிற இன்ஜினின் எண்ணைச் சொல்லாமல் வண்டியில் ஏறாது. வேறொரு வீட்டில் டவுன் பஸ், இன்னொன்றில் எறும்பு. "எந்நேரமும் அதே பேச்சு, இது நல்லதா கெட்டதா?" என்பதுதான் பெற்றோர் கேட்கும் கேள்வி. அந்தப் பித்து பிள்ளையின் மூளைக்குள் என்ன செய்கிறது என்று தெரிந்தால், வீட்டில் அதை எப்படி வைத்துக்கொள்வது என்பதும் தெளிவாகும்.

முதலில், இது அபூர்வமல்ல. அமெரிக்க உளவியலாளர் ஜூடி டிலோஷும் அவருடைய குழுவும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி வயதுக்கு முந்தைய பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இப்படி ஒரே பொருளின் மேல் அளவு கடந்த ஈடுபாடு இருந்ததாகப் பெற்றோர் சொன்னார்கள். பலருக்கு அது இரண்டாம் வயதிலேயே தொடங்கியிருந்தது. ஆண் பிள்ளைகளிடம் கூடுதல். வண்டி, டைனோசர், பந்து என்று பொருள் மாறினாலும் குணம் ஒன்றுதான்: எந்த இடத்திலும், எந்த விளையாட்டிலும் பிள்ளை அதையே தேடிப் போகும்.

அந்த ஓயாத பேச்சு வெறும் ஒப்பிப்பு அல்ல. மிஷெலின் சீ என்ற ஆய்வாளர் 1983-ல் நாலரை வயதுப் பையன் ஒருவனுக்குத் தெரிந்த 40 டைனோசர்களை ஆராய்ந்தார். நன்றாகத் தெரிந்தவை 20, ஓரளவு தெரிந்தவை 20 என்று பிரித்தபோது, முதல் இருபதும் அவன் தலைக்குள் தனித்தனியாகக் கிடக்கவில்லை. எது இலை தின்னும், எது வேட்டையாடும், எதற்கு எது உறவு என்று ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் நினைவில் நின்றவை பெரும்பாலும் அப்படிப் பின்னியவைதான். வகை பிரிப்பது, விதிவிலக்கைக் கண்டுபிடிப்பது, தெரிந்ததை வைத்துத் தெரியாததை ஊகிப்பது எல்லாம் பிள்ளை இங்கே பழகுகிறது. பாடப்புத்தகத்தில் அதே வேலையைச் செய்யச் சொன்னால் கொட்டாவி விடும் பிள்ளை கல்லில் செய்கிறது. காரணம் ரசாயனம்தான். ஒன்றைத் தெரிந்துகொள்ளத் துடிக்கும்போது நடுமூளையில் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் பகுதியும், நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸும் சேர்ந்து இயங்குகின்றன. பெரியவர்களை வைத்து 2014-ல் நடந்த ஒரு சோதனையில், ஆர்வமான கேள்விக்கு விடை வரக் காத்திருந்த சில விநாடிகளில் காட்டிய சம்பந்தமில்லாத முகங்கள்கூட நன்றாக நினைவில் நின்றன. ஆர்வம் கதவைத் திறந்து வைத்தால் பக்கத்தில் நிற்பதும் உள்ளே வந்துவிடுகிறது.

மனநலத்தோடு இதற்கு உள்ள தொடர்பு வேறு பாதையில் வருகிறது. ஐந்து வயதுப் பிள்ளையின் நாளில் அதன் கையில் இருக்கும் முடிவுகள் மிகச் சொற்பம். எப்போது எழுவது, என்ன சட்டை, எந்த ரிக்‌ஷாவில் யார் பக்கத்தில் என்று எல்லாம் யாரோ தீர்மானித்தது. மாலையில் கற்களை வரிசையாக அடுக்கும்போதுதான் ஒரு காரியம் அது நினைத்தபடி நடக்கிறது. அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிகிற வேலை பதற்றத்தைத் தணிக்கும். பள்ளியில் அடி வாங்கிய அல்லது அழுத நாளில் பிள்ளை வழக்கத்தைவிட அதிக நேரம் கல் டப்பாவோடு உட்கார்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது படிப்பைத் தட்டிக் கழிக்கிற சோம்பல் என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டிவிடக் கூடாது.

அந்த டப்பா தனிமைக்கான இடமாகவும் போகலாம், வீட்டோடு பேசுகிற இடமாகவும் ஆகலாம். எது என்பதைத் தீர்மானிப்பது பெரியவர்கள்.

ஒன்பது மாதம் முதல் ஒரு வயதுக்குள் குழந்தை ஒரு திறமையைப் பெறுகிறது: ஒரு பொருளைப் பார்த்து, பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்து, மறுபடி பொருளைப் பார்ப்பது. "நான் பார்ப்பதை நீயும் பார்க்கிறாயா?" என்பதுதான் அந்தப் பார்வையின் பொருள். இதைக் கூட்டுக் கவனம் என்பார்கள். ஆய்வாளர்கள் மைக்கேல் டோமசெல்லோவும் மைக்கேல் ஜெஃப்ரி ஃபேராரும் 1986-ல் காட்டியது இது: குழந்தை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் பொருளின் பெயரைச் சொன்னால் சொல் நன்றாகப் பதிகிறது, அதன் கவனத்தை வேறு பொருளுக்குத் திருப்பிவிட்டுச் சொன்னால் அவ்வளவு பதிவதில்லை. ஐந்து வயதில் கல்லைத் தூக்கிக்கொண்டு "இங்க பாரேன்" என்று சமையலறைக்கு ஓடி வருவதும் அதே பார்வையின் தொடர்ச்சிதான். உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் சொன்ன பத்திரமான தளம் என்பதும் இதுவே. பிள்ளை வெளியே போய் உலகத்தைத் துழாவும், கிடைத்ததைக் கொண்டுவந்து காட்டும், முகத்தில் வரவேற்பைப் பார்த்துவிட்டு மறுபடி போகும். ஒவ்வொரு முறையும் அடுப்பை விட்டுவிட்டு வர முடியாது, வரத் தேவையுமில்லை. "குக்கர் நாலு விசில் வந்ததும் வர்றேன், அதை எடுத்து வை" என்று சொல்லி, சொன்னபடி வந்தால் போதும். வராமல் விட்ட வாக்குத்தான் கணக்கில் ஏறும்.

"இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டால் வரும் பதில் "ஒண்ணுமில்ல". எதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துக் கேட்பது சிறு பிள்ளைக்கு விசாரணை. பக்கத்தில் உட்கார்ந்து இருவர் கையும் ஒரே வேலையில் இருந்தால் பேச்சு தானாக வரும், அதுவும் பாதி வேலையில், சம்பந்தமில்லாமல்: "அந்தப் பையன் என்னோட பென்சில ஒடச்சிட்டான்." அந்த நேரத்தில் கையை நிறுத்தாமல் "ம்... ஒடச்சிட்டானா" என்பதோடு நில்லுங்கள். அமெரிக்க வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறத்தாழ ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அது மூன்று விநாடியானதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, ஊகங்கள் கூடின. வீட்டிலும் அப்படித்தான். மூன்று விநாடி மௌனம் பெரியவர்களுக்குத்தான் தாங்காது.

கல் பித்து உள்ள வீட்டில், இப்படிப் பக்கத்தில் உட்காரும் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வேலை இதோ. சேலத்துப் பிள்ளையின் டப்பாவில் மூன்று விதமான வெள்ளைக் கற்கள் இருக்க வாய்ப்புண்டு: வெங்கச்சாங்கல் எனப்படும் குவார்ட்ஸ், மேக்னசைட், சுண்ணாம்புக்கல். சங்ககிரிப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். பார்வைக்கு மூன்றும் ஏமாற்றும். கான்கிரீட் ஆணியால் பெரியவர் ஒருவர் அழுத்திக் கீறிப் பார்க்கட்டும். பத்து வரை போகும் கனிமக் கடின அளவில் குவார்ட்ஸின் கடினம் 7, அதில் கீறல் விழாது. மற்ற இரண்டிலும் விழும். இங்கே ஒரு குழப்பம் வரும்: குவார்ட்ஸ் மேல் சாம்பல் நிறக் கோடு தெரியும். அது கல்லில் விழுந்த கீறல் இல்லை, ஆணி தேய்ந்து ஒட்டிய இரும்பு. ஈர விரலால் தேய்த்தால் போய்விடும். அடுத்து, மூன்று கிண்ணங்களில் இரண்டு ஸ்பூன் வினிகர் ஊற்றி, ஒன்றில் முட்டை ஓடு, ஒன்றில் சுண்ணாம்புக்கல், ஒன்றில் மேக்னசைட் போடுங்கள். முட்டை ஓடும் சுண்ணாம்புக்கல்லும் கால்சியம் கார்பனேட், குமிழ் விடும். மேக்னசைட் மெக்னீசியம் கார்பனேட். சூடாக்காத வினிகரில் முழுக்கல்லாகப் போட்டால் அநேகமாகச் சும்மா கிடக்கும். லேசாகக் குமிழ் வந்தால் கல்லில் கலப்பு இருக்கிறது என்று பொருள், சோதனை தோற்றுவிடவில்லை. "ஏன் இது மட்டும் பொங்கல?" என்று பிள்ளை கேட்கும்வரை விடையைச் சொல்லாதீர்கள். "இதெல்லாம் எதுக்கு வெட்டறாங்க?" என்று கேட்டால் சொல்ல ஊரிலேயே விஷயம் இருக்கிறது: மேக்னசைட்டைச் சூளையில் சுட்டு, இரும்பு உருக்கும் உலைகளின் உட்புறத்துக்கு வெப்பம் தாங்கும் செங்கல் செய்கிறார்கள்.

வைக்க முப்பது குழி முட்டை அட்டை போதும். ஒவ்வொரு குழியிலும் கல், அதனடியில் எங்கே எடுத்தது என்று ஒரு துண்டுச் சீட்டு. எழுதத் தெரியாத பிள்ளை படம் வரையட்டும். முப்பது நிறைந்ததும் புதிது வந்தால் பழையது ஒன்று வெளியே போக வேண்டும், எது என்று பிள்ளையே சொல்ல வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டால் வீடும் குப்பையாகாது, தேர்ந்தெடுக்கும் பழக்கமும் வரும். மூன்று வயதுக்குக் கீழே தம்பி, தங்கை இருந்தால் அட்டை உயரத்தில் இருக்கட்டும். வாயில் போட்டால் மூச்சு அடைக்கும். சுரங்கக் குழிகளின் விளிம்புக்குப் பிள்ளையை அழைத்துப் போகவே வேண்டாம், மண் சரியும், உள்ளே தண்ணீர் ஆழம்.

ஏற்காடு போகும் நாளில் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இந்தப் பிள்ளைக்குத் தனிப்பாடம். அடிவாரத்தில் வெள்ளை, ஏறுகிற வழியில் சேர்வராயன் மலையின் கரும்பாறையான சார்னோக்கைட், உச்சி மேடுகளில் அலுமினியத் தாதுவான பாக்சைட் கலந்த செம்மண். காட்டுக்குள் இருந்து எடுத்து வர வேண்டாம், போட்டோ போதும். செடிப் பித்து என்றால் அங்கே இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது.

இனி, கெடுப்பது எப்படி என்று பார்ப்போம். பாசமாகவே கெடுக்கலாம், அதுதான் சிக்கல். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் 1973-ல் வெளியிட்ட சோதனையில், ஏற்கெனவே ஸ்கெட்ச் பேனாவால் ஆசையாக வரைந்துகொண்டிருந்த மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினரிடம் வரைந்தால் ரிப்பன் ஒட்டிய சான்றிதழ் உண்டு என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு பகுதிக்குச் சொல்லாமல், வரைந்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது பகுதிக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரம் கழித்துப் பேனாக்களை மறுபடி வைத்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்தவர்கள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதிதான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை. கெடுத்தது பேரம்தான். ஆசையாக இருந்தது கூலி வேலையானதும் கூலி இல்லாத நாளில் கை ஓடவில்லை.

பிள்ளை நாலு படம் வரைந்ததும் டிராயிங் கிளாசில் சேர்த்துவிடுகிற வழக்கத்தை இந்தச் சோதனையோடு வைத்துப் பாருங்கள். வகுப்பே கூடாது என்பதில்லை. பிள்ளையே கேட்டுப் போவதும், வரைந்ததைவிட வாங்கிய மெடல் முக்கியமாகாமல் இருப்பதும்தான் பார்க்க வேண்டியவை. விருந்தாளி வந்ததும் "மாமாவுக்கு எல்லா இன்ஜின் பேரும் சொல்லு" என்று நிறுத்திவைப்பதும் இதே ரகம். வாரா வாரம் நடந்தால் ரயிலே கசந்துபோகும்.

மிரட்டல் இன்னும் மோசம். "மார்க் குறைஞ்சா எல்லாக் கல்லையும் தூக்கி எறிஞ்சிடுவேன்" என்பது, மனசு கலங்கும்போது பிள்ளை பிடித்து நிற்கிற ஒரே கைப்பிடியைக் கலங்கிய நேரம் பார்த்துப் பிடுங்குவது. தண்டனை தர வேண்டியிருந்தால் வேறு எதிலாவது தரலாம். பிள்ளை பள்ளிக்குப் போன நேரத்தில் வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று டப்பாவைக் காலி செய்வது பல வீடுகளில் நடக்கிறது. காணாமல் போன கல் எது என்று அதற்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம்; தெரியும். பிறகு எதையும் கொண்டுவந்து காட்டாது.

அப்பாக்கள் செய்கிற தவறு ஒன்று தனி. ஆயிரக்கணக்கில் செலவழித்து ஒரு செட் வாங்கி வந்து, தானே உட்கார்ந்து பூட்டி முடித்துவிட்டு, "தொடாத, ஒடஞ்சிடும்" என்பது. இந்த விஷயத்தில் வீட்டின் வாத்தியார் பிள்ளைதான். தாத்தாவும் அம்மாயியும் இதில் கெட்டிக்காரர்கள், தெரிந்தாலும் தெரியாத மாதிரி கேட்பார்கள்.

செல்போனில் ஓடுகிற ஈடுபாட்டையும் இதையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. திரையை அணைத்த பிறகும் அது விளையாட்டாக, படமாக, கேள்வியாகத் தொடர்கிறதா? தொடர்ந்தால் பித்து பிள்ளையுடையது. அழுகையைத் தவிர ஒன்றும் வராவிட்டால் பிடித்து வைத்திருப்பது செல்போன்.

ஆறேழு வயதில் பித்து தானாகத் தணிவதும், வேறொன்றுக்குத் தாவுவதும் இயல்பு. பள்ளி நேரம் நீள்கிறது, சேக்காளிகளின் ஆர்வம் உள்ளே வருகிறது. இழுத்துப் பிடிக்க வேண்டாம்.

இரண்டு நிலைமைகளில் மட்டும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒரே பொருள் மேல் ஈடுபாடு என்பது மட்டும் ஆட்டிசத்தின் அடையாளம் அல்ல. ஆனால் ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டிக் காட்டுவதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, பேச்சு வரவில்லை அல்லது வந்தது நின்றுவிட்டது, சின்ன மாற்றத்துக்கும் அடங்காத அழுகை என்பவை சேர்ந்து இருந்தால் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவில் சீக்கிரம் காட்ட வேண்டும். இரண்டாவது, பலர் கவனிக்காமல் விடுவது: கல்லிலிருந்து பஸ்ஸுக்குத் தாவாமல், எதிலுமே ஆசையில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் பிள்ளை சுருண்டு கிடப்பது. கூடவே தூக்கம், சாப்பாடு மாறியிருந்தாலும், காரணமில்லாமல் வயிற்று வலி, பள்ளிக்குப் போக மறுப்பு என்று வந்தாலும் "இப்பல்லாம் தொந்தரவே இல்ல" என்று நிம்மதிப்படக் கூடாது. மத்திய அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்; யாராவது பிள்ளையைத் துன்புறுத்துகிறார்கள் என்ற சந்தேகம் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. மருத்துவரிடம் போகும் முன், எந்தத் தேதி வாக்கில் ஆசை நின்றது, அந்த வாரம் பள்ளியிலும் வீட்டிலும் என்ன மாறியது, எத்தனை மணி நேரம் தூங்குகிறது என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.