அப்போப்டோசிஸ்: தன்மடிவு

தாவரச் சேர்மங்கள் லுகேமியா (இரத்தப் புற்றுநோய்) உயிரணுக்களைக் கொல்வது பற்றிய ஆய்வுகளில் தவறாமல் வரும் சொல் அப்போப்டோசிஸ். கிரேக்கத்தில் ‘அப்போ’ என்றால் விலகி, ‘ப்டோசிஸ்’ என்றால் விழுதல். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறித்த சொல். 1972இல் கெர், வைலி, கரி ஆகிய மூவரும் உயிரணுச் சாவில் ஒரு வகைக்கு இந்தப் பெயரை வைத்தார்கள்.

தமிழில் ‘தன்மடிவு’ என்பதே பொருத்தம். ‘உதிர்வு’ மூலத்துக்கு நெருக்கம்தான். ஆனால் அணு தன் உள்ளியக்கத்தாலேயே சாவதை அது சொல்லாது. ‘உயிரணு இறப்பு’ என்றாலோ நசிவும் (நெக்ரோசிஸ்) அதில் அடங்கிவிடும். நசிவில் அணு வீங்கி வெடிக்கும், அழற்சி கிளம்பும். தன்மடிவில் அணு சுருங்கும். காஸ்பேஸ் நொதிகள் புரதங்களை நறுக்கும். டிஎன்ஏ சுமார் 180 கார இணைகளின் மடங்குகளாகத் துண்டாகும். மிச்சத்தை விழுங்கணுக்கள் அகற்றிவிடும்.

லுகேமியா அணுக்கள் பல, பிசிஎல்-2, எம்சிஎல்-1 போன்ற காப்புப் புரதங்களைக் கூட்டிவைத்து இந்தச் சாவைத் தள்ளிப்போடுகின்றன. செஃபலோடாக்சஸ் மரத்தின் ஹோமோஹாரிங்டோனின் என்ற சேர்மம் ரைபோசோமில் புரத உற்பத்தியைத் தடுக்கும். எம்சிஎல்-1 அற்பாயுள் புரதம். புதிதாக உருவாகாவிட்டால் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும், தடை விலகும். நித்தியகல்யாணியின் வின்கிரிஸ்டினுக்கு வேறு வழி: குரோமோசோம்களைப் பிரித்திழுக்கும் நுண்குழல்கள் உருவாகாமல் தடுத்து அணுப்பிரிவை நடுவிலேயே நிறுத்துகிறது. அப்படிச் சிக்கிய அணுக்கள் பல தன்மடிவில் முடிகின்றன.

எம்டிடி சோதனையில் உயிருள்ள அணுக்கள் எம்டிடி என்ற சாயத்தை ஒடுக்கி நிறமேற்றும்; அந்த நிறம் குறைந்ததுமே ‘தன்மடிவு’ என்று எழுதிவிடுவது பரவலான பிழை. வளர்ச்சி நின்றாலும் நிறம் குறையும். தாவரச் சாற்றிலுள்ள ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் அந்தச் சாயத்தைத் தாங்களே ஒடுக்கி நிறமேற்றி, சாவை மறைப்பதும் உண்டு. தன்மடியும் அணுவின் வெளிப்பரப்பில் ஒட்டும் அனெக்சின்-வி, சவ்வு கிழிந்த அணுவுக்குள் மட்டும் புகும் புரோப்பிடியம் அயோடைடு சாயம் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அனெக்சின் மட்டும் ஒட்டினால் தன்மடிவின் தொடக்கம். இரண்டும் ஏறினால் அது முற்றிய தன்மடிவா நசிவா என்று பிரித்தறிய முடியாது. அதனால் 6, 12, 24 மணி நேரங்களில் தனித்தனியே அளப்பது நல்லது. கரைப்பானாக டிஎம்எஸ்ஓ சேர்த்தால் 0.5 விழுக்காட்டைத் தாண்டாமல், ஒப்பீட்டுக் குழாயிலும் அதே அளவு இருக்கட்டும். மஞ்சளின் குர்குமின் தானே பச்சையாக ஒளிரும். பச்சைச் சாயம் ஏற்றிய அனெக்சினோடு அது கலந்து பொய்க்கணக்குக் காட்டும். குர்குமின் மட்டும் இட்டு, சாயம் இடாத குழாய் ஒன்றையும் அளந்தால்தான் அந்த ஒளியைக் கழிக்க முடியும்.