பேரருவிக்கு அடியில் எப்படி நிற்க முடிகிறது?

குற்றாலம் பேரருவியின் உயரம் சுமார் 60 மீட்டர். அந்த உயரத்திலிருந்து தடையில்லாமல் விழும் எதுவும் தரையைத் தொடும்போது மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியிருக்கும். ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 1,000 கிலோ. இந்த இரண்டையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். அப்படி ஒரு தண்ணீர்த் தூணுக்கு அடியில் மனிதன் நிற்க முடியாது. ஆனால் சீசன் நேரத்தில் போனால், பிள்ளையைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு அப்பாக்கள் நிற்கிறார்கள், பாட்டிமார் கம்பியைப் பிடித்தபடி முதுகைக் காட்டி நிற்கிறார்கள். எத்தனையோ முறை அங்கே குளித்தும் எனக்கு இது ஒரு கேள்வியாகத் தோன்றியதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் வியப்பு வந்தது.

பதில் அருவியின் நடுவிலேயே இருக்கிறது. மேலிருந்து வரும் சிற்றாறு என்னும் ஆறு நேராக நம் தலையில் விழுவதில்லை. பாதி வழியில் பாறையில் ஆழமான ஒரு குடைவு இருக்கிறது. அதில் விழுந்து, சுழன்று, நிரம்பி வழிந்துதான் கீழே வருகிறது. அந்தக் குடைவுக்குப் பொங்குமாகடல் என்று பெயர். ஆழம் சுமார் 19 மீட்டர் என்கிறார்கள். பெயர் வைத்தவர்கள் அதன் வேலையைச் சரியாகவே கவனித்திருக்கிறார்கள்: அங்கே தண்ணீர் பொங்குகிறது.

வேகமாக விழும் நீர் குடைவுக்குள் இருக்கும் நீரில் மோதும்போது அதன் ஓட்டம் ஆயிரக்கணக்கான சிறு சுழல்களாக உடைகிறது. பெரிய சுழல் சிறியதாகி, சிறியது இன்னும் சிறியதாகி, கடைசியில் நீரின் பிசுபிசுப்புத்தன்மையால் அந்த ஆற்றல் வெப்பமாக மாறிவிடுகிறது. அப்படியானால் தண்ணீர் சூடாக வேண்டாமா? ஆகிறது. 60 மீட்டர் விழுந்த நீரின் ஆற்றல் முழுவதும் வெப்பமானாலும் வெப்பநிலை கூடுவது 0.14 டிகிரி செல்சியஸ்தான். உடம்புக்குத் தெரியாது. தெறிக்கும் திவலைகள் காற்றில் ஆவியாகி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால், நமக்குக் குளிர்தான் தெரிகிறது. அணைகளின் மதகுக்குக் கீழே நீரின் வேகத்தைத் தணிக்கப் பொறியாளர்கள் பள்ளம் கட்டுவது இதே தத்துவத்தில்தான். இங்கே அதை ஆறே வெட்டிக்கொண்டிருக்கிறது.

எதைக் கொண்டு வெட்டியது? வெறும் தண்ணீரைக் கொண்டு அல்ல. வெள்ளக் காலத்தில் உருண்டு வரும் கல்லும் மணலும் பாறைப் பள்ளங்களில் சிக்கிச் சுழல்கின்றன. ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவதைப் போலச் சுற்றிச் சுற்றிக் குழியை ஆழப்படுத்துகின்றன. சிறு குழி அமைந்துவிட்டால் அடுத்த வெள்ளத்தின் கல்லும் அதிலேயே வந்து விழும். இப்படித்தான் ஆற்றுப் பாறைகளில் உரல் போன்ற குழிகள் உண்டாகின்றன. பாறை இளகியதாக இருந்தால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதி, பூமியின் ஆழத்தில் மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறிய, பல கோடி ஆண்டுகள் பழமையான கடும்பாறை. மெல்லத்தான் தேயும்.

நயாகராவோடு ஒப்பிட்டால் இது விளங்கும். அங்கே மேலே கெட்டியான பாறை, அடியில் மென்மையான பாறை. அடிப்பாறை அரிக்கப்பட, மேல்பாறை இடிந்து விழுந்து, அருவியே ஆண்டுக்குச் சுமார் ஒரு மீட்டர் வீதம் பின்வாங்கி வந்திருக்கிறது. குற்றாலத்தில் அப்படி ஓர் இளகிய அடித்தட்டு கிடையாது. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய தலம் இன்றும் அருவிக்கருகில்தான் இருக்கிறது. தண்ணீர் வற்றிய மாதங்களில் போனால் அருவிப் பாறையில் செதுக்கிய சிவலிங்கங்கள் தெரியும். சீசன்தோறும் தண்ணீர் மோதியும் உருவம் அழியவில்லை. அந்தப் பாறையின் உறுதிக்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியாது.

சரி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஜூன், ஜூலையில் திருநெல்வேலிச் சமவெளி காய்ந்து கிடக்கும். அரபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று கேரளப் பக்கம் மலையில் மோதி மேலேறுகிறது. மேலே அழுத்தம் குறைவு, அதனால் காற்று விரிந்து குளிர்கிறது, ஈரம் மழையாகிக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி இறங்கும் காற்று மறுபடி சூடாகி வறண்டு போகிறது. இதுதான் மழைமறைவு. குற்றாலமும் மலைக்குக் கிழக்கேதான் இருக்கிறது, ஆனாலும் நனைகிறது. செங்கோட்டைக்கு மேற்கே மலைத்தொடரில் ஓர் இடைவெளி இருப்பதே காரணம். அதுதான் ஆரியங்காவுக் கணவாய். கொல்லம் போகும் ரயிலும் சாலையும் புகுந்து போகும் அதே வழியாகத்தான் காற்றும் மேகமும் இந்தப் பக்கம் வருகின்றன. கணவாய் காற்றை ஒடுக்குவதால் அதன் வேகமும் கூடுகிறது. தென்காசிக்குக் கிழக்கே சுரண்டை வட்டாரத்தில் காற்றாலைகள் சுற்றுவதும் இந்தக் காற்றில்தான்.

சாரல் என்று நாம் சொல்வதற்கும் ஒரு கணக்கு உண்டு. பெரிய மழைத்துளி மேகத்துக்கு ஏறக்குறைய நேர் கீழேயே விழும். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான துளி நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் மெதுவாகத்தான் இறங்கும். ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து இறங்க 1,000 நொடி பிடிக்கும். அதற்குள் நொடிக்கு 10 மீட்டர் வேகக் காற்று அதைப் பத்துக் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய்விடும். மலைமேல் இருக்கும் மேகத்தின் மழை, தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே தென்காசித் தெருவில் முகத்தில் படுவது இப்படித்தான்.

சிற்றாறு சிறிய ஆறு. பேரருவிக்கு மேலே அதற்கு நீர் தரும் காட்டுப்பரப்பும் சிறியது, சரிவோ செங்குத்து. அதனால்தான் மழை நின்ற சில நாளில் அருவி மெலிகிறது. மரங்களும் இலைச்சருகும் நீரைப் பிடித்துவைத்து விடாவிட்டால் இன்னும் சீக்கிரம் மெலியும். அந்த நீர் அருவியோடு நிற்பதில்லை, வழியில் வயல்களுக்குப் பாய்ந்து சீவலப்பேரியில் தாமிரபரணியைச் சேர்கிறது. எண்ணெயும் சோப்பும் ஷாம்பும் அருவியில் கூடாது என்பதை வெறும் கெடுபிடியாக நினைக்கிறவர்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன். சோப்பு நுரை நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது. நீரின்மேல் நடக்கும் பூச்சிகள் அந்த இழுவிசையை நம்பித்தான் நிற்கின்றன.

அதே சிறிய பரப்பும் செங்குத்துச் சரிவும்தான் திடீர் வெள்ளத்துக்கும் காரணம். மேலே கனமழை பெய்தால் அது பரவித் தங்க இடமில்லை, நிமிடங்களில் அருவிக்கு வந்துவிடும். கீழே வெயிலே அடிக்கலாம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலம் என்னும் இன்னோர் அருவியில் அப்படி வந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது.

பேரருவியில் வெள்ளம் வரும்போது பொங்குமாகடல் ஏன் காப்பாற்றுவதில்லை? விழும் நேரத்தை உயரம்தான் தீர்மானிக்கிறது, உதாரணத்துக்கு, 20 மீட்டர் விழ ஏறக்குறைய இரண்டு நொடி. அந்த இரண்டு நொடியில் நீர் எவ்வளவு தூரம் முன்னால் பாயும் என்பதை விளிம்பில் அதன் வேகம் தீர்மானிக்கிறது. நொடிக்கு 2 மீட்டர் என்றால் 4 மீட்டர் தள்ளி விழும், 5 மீட்டர் என்றால் 10 மீட்டர். வேகம் கூடக் கூட, வழக்கமாக விழும் இடத்தைத் தாண்டி நீர் எட்டிப் பாய்கிறது. குடைவுக்குள் விழும் நீரும் தணிய அவகாசமில்லாமல் வெளியேறுகிறது. உருண்டு வரும் கல்லும் மரக்கிளையும் அதோடு சேர்ந்து வரும். அருவிக்கு முன்னால் கட்டியிருக்கும் ‘பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டுகிறது’ என்று செய்தியில் வரும் அன்று நடப்பது இதுதான்.

வெள்ளம் வருவதற்கு அறிகுறிகள் உண்டு. முதலில் தண்ணீரின் நிறம் மாறும். தெளிந்து விழுந்தது செம்மண் கலந்து வரும், இலையும் சுள்ளியும் கூடும், இரைச்சலின் சுருதி இறங்கிக் கனக்கும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காவலர் விசில் ஊதும்வரை காத்திருக்காமல் வெளியே வந்துவிட வேண்டும். சீக்கிரம் வந்த வெள்ளம் சீக்கிரமே வடிந்துவிடும். மலையில் மழை நின்றால், பெரும்பாலும் மறுநாள் காலையிலேயே தண்ணீர் தெளிந்து, வளைவுக்கு உள்ளே விழத் தொடங்கியிருக்கும்.