ஹாகிஸ் வாங்கும்முன் விருந்தாளிகளைக் கேளுங்கள்

எடின்பரோவில் சமையல்காரனாகப் பல வருடம் ஓடிவிட்டது. ஜனவரி பிறந்தால் போதும், "வீட்டுக்கு எட்டுப் பேர் வர்றாங்க, அசத்தலா ஒரு ஸ்காட்டிஷ் மெனு சொல்லுங்க" என்று போன் வந்துவிடும். 25ஆம் தேதி ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாள். ஆட்டு உள்ளுறுப்புகளைக் கொத்தி அடைத்து வேகவைக்கும் ஹாகிஸைப் புகழ்ந்து பாட்டே எழுதியவர் ஆயிற்றே, அன்றைய விருந்தில் அது இல்லாமல் எப்படி? சரி, மெனு சொல்கிறேன். அதற்குமுன் ஒரு கேள்வி: வருகிறவர்கள் எதைச் சாப்பிட மாட்டார்கள்?

இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு வீட்டு விருந்தில் சமைத்தேன். வந்தவர்களில் ஒருவர் ஆட்டுக்கறி சாப்பிடுவார், மாட்டிறைச்சி தொடமாட்டார். "ஹாகிஸ் ஆட்டுச் சமாச்சாரம்தான், தைரியமாகச் சாப்பிடுங்க" என்று நானே பரிமாறினேன். அடுக்களையை ஒழிக்கும்போது குப்பையில் கிடந்த உறையைத் திருப்பினால், மாட்டுக் கொழுப்பு என்று போட்டிருக்கிறது. போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை, எழுந்துபோய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். திட்டியிருந்தால் தேவலை.

ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல் மூன்றையும் பொடியாகக் கொத்தி, ஓட்ஸ், வெங்காயம், கொழுப்பு, மிளகு சேர்த்து, ஆட்டின் இரைப்பையில் அடைத்து வேகவைப்பது பழைய முறை. இப்போது கடையில் வாங்குவதில் கொழுப்பு பெரும்பாலும் மாட்டினுடையது. மேலுறையும் மாட்டுக் குடலாக இருக்கலாம், செயற்கை உறையாகவும் இருக்கலாம். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் கர்ப்பிணிகள் ஹாகிஸைத் தவிர்க்க வேண்டும் என்று இங்குள்ள அரசு மருத்துவச் சேவையே சொல்கிறது. பருப்பு, பீன்ஸ், காய்கறி போட்ட சைவ ஹாகிஸ் நன்றாகவே இருக்கும். ஆனால் அதிலும் ஓட்ஸ் உண்டு; சீலியாக் நோய் (கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத நோய்) உள்ளவருக்கு சைவம் என்பதால் மட்டும் கொடுத்துவிட முடியாது.

இங்கே உணவகம் என்றால் 14 வகை ஒவ்வாமைப் பொருள்களையும் வாடிக்கையாளருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நம் வீட்டு மேசைக்கு அப்படி எதுவும் கிடையாது. கேட்டுத் தெரிந்துகொள்வது நம் பொறுப்பு.

முதலில் சூப். மோரே கடற்கரையில் கல்லன் என்று ஓர் ஊர். அந்தப் பெயரில் வழங்குவது கல்லன் ஸ்கிங்க். புகையூட்டிய ஹாடக் மீன், உருளைக்கிழங்கு, வெங்காயம், பால். பாலும் மீனும் சேர்வதைப் பார்த்து நம்மவர்கள் முகம் சுளிப்பார்கள், ஒரு கரண்டி உள்ளே போகும்வரை. பளிச்சென்ற மஞ்சள் மீன் சாயம் ஏற்றியது; வெளிறிய நிறத்தில் இருப்பதை வாங்குங்கள். மீனே உப்பு என்பதால் கடைசியில் ருசி பார்த்துவிட்டுத்தான் உப்பு.

அப்புறம் ஹாகிஸ், கூடவே நீப்ஸும் டாட்டீஸும். டாட்டீஸ் மசித்த உருளைக்கிழங்கு. நீப்ஸ் என்பது உள்ளே மஞ்சளாக இருக்கும் பெரிய கிழங்கு. இங்கிலாந்துக் கடைகளில் ஸ்வீட் (swede, இனிப்பு அல்ல) என்று கேட்க வேண்டும். அதில் தண்ணீர் அதிகம். வெந்ததும் வடித்து, வெறும் பாத்திரத்தில் ஆவி அடங்கும்வரை வைத்துப் பிறகு மசியுங்கள். இல்லாவிட்டால் தட்டில் குளம் கட்டும். வளையம் வைத்து மூன்றையும் கோபுரமாக அடுக்குவது இப்போதைய மோஸ்தர். எனக்குப் பிடிக்காது, பாதி ஆறிப்போய்த்தான் மேசைக்கு வரும். எட்டுப் பேருக்கு 1.2 கிலோ ஹாகிஸ் தாராளம்.

இனிப்புக்கு கிரானகன். வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்த ஓட்ஸ், அடித்த கிரீம், தேன், ராஸ்ப்பெர்ரி, விஸ்கி. இந்த விஸ்கி அடுப்பைப் பார்ப்பதே இல்லை, அப்படியே வயிற்றுக்குப் போகிறது. ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பரில் வண்டி ஓட்டுபவர்களுக்கான வரம்பை 100 மி.லி. ரத்தத்தில் 80 மி.கி. ஆல்கஹால் என்பதிலிருந்து 50 ஆகக் குறைத்துவிட்டார்கள். இங்கிலாந்துக் கணக்கைப் போட்டுக்கொண்டு வரும் நண்பர் மாட்டிக்கொள்வார். சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் ஒயின், முடிவில் ஒரு சிறு விஸ்கி, நடுவில் இந்த இனிப்பு. மூன்றாவதை யாரும் எண்ணுவதில்லை.

அதனால் நான் கிரீமில் விஸ்கி கலப்பதை விட்டுவிட்டேன். சின்ன ஜாடியில் தனியாக வைத்து, கேட்பவர் கிண்ணத்தில் மட்டும் ஊற்றுவேன். ஓட்ஸையும் அப்போதுதான் தூவுவேன், மொறுமொறுப்பு போகாது.