யோக்: விமானி கையிலிருக்கும் நுகம்

செஸ்னா 172 போன்ற சிறு விமானங்களில் விமானியின் நெஞ்சுக்கு நேரே நிற்கும் கைப்பிடிக்கு யோக் என்று பெயர். வீட்டில் கணினித் திரையில் விமானம் ஓட்டும் சிமுலேட்டர் அமைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கைவைப்பது இதில்தான். திருப்பினால் இறக்கைகளில் உள்ள அசையும் தகடுகளான எய்லரான்கள் அசைந்து விமானம் சாயும். இழுத்தால் வாலில் உள்ள கிடைத்தகடான எலிவேட்டர் உயர்ந்து மூக்கு தூக்கும், தள்ளினால் தாழும்.

ஆங்கில யோக், லத்தீன் யூகும், சமஸ்கிருத யுகம் மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை. பூட்டுதல், இணைத்தல் என்பது வேர்ப்பொருள். நாம் அறிந்த யோகமும் அந்தக் குடும்பம்தான். மாட்டின் பிடரியில் ஏறும் நுகத்துக்கு வழங்கிய பெயர் விமானத்துக்கும் பொருந்திப்போயிற்று. 1910களில் டெபர்டுசன் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் விமானங்களில் விமானியின் தொடைகளுக்கு மேலே, கவிழ்த்த லாடம் போன்ற சட்டத்தில் சக்கரம் பொருத்தியிருந்தது. இன்றைய செஸ்னாவிலும் இரு விமானிகளின் கைப்பிடிகள் உள்ளே பூட்டப்பட்டவை. ஒன்றைத் திருப்பினால் மற்றதும் திரும்பும்.

தமிழில் இதை 'ஸ்டியரிங்' என்றும் 'சுக்கான்' என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் பிழை. சுக்கான் வாலில் நிற்கும் ரட்டர்; அதை இயக்குவது கால் மிதி. ஓடுபாதையில் செஸ்னாவின் முன்சக்கரத்தைத் திருப்புவதும் மிதிதான், யோக் அல்ல. பெயர் பிழைத்தால் செய்பொருளும் பிழைக்கும்: கார் விளையாட்டுச் சக்கரத்தை வாங்கி மாட்டுகிறவர்களுக்கு இழுக்கவும் தள்ளவும் வழியில்லாமல் போகிறது. நுகத்தடி என்றால் மரத்தடி மட்டுமே கண்ணில் நிற்கும். ஆகவே 'கைநுகம்' என்பதே எங்கள் தேர்வு.

சிமுலேட்டருக்குக் கைநுகம் செய்யும்போது திருப்பம், முன்பின் என்ற இரண்டு அசைவையும் தனித்தனியாக யோசிக்க வேண்டும். முன்பின் அசைவுக்கு மேசை டிராயரின் பால்பேரிங் சானல் ஒரு ஜோடி, 150 மி.மீ. ஓட்டம் போதும். அதன்மேல் ஓடும் பலகையில் கைப்பிடியைத் தாங்கும் 8 மி.மீ. தண்டை இரண்டு 608 பேரிங்குகளில் நிறுத்துங்கள். திருப்பத்தை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் (திருகினால் மின்தடை மாறும் உறுப்பு) அந்தப் பலகையோடு சேர்ந்தே நகர வேண்டும். அடித்தளத்தில் திருகினால் தண்டு அதைவிட்டு விலகிப்போகும்.

பொட்டென்ஷியோமீட்டரில் பி10கே என்று அச்சிட்டதையே வாங்குங்கள். ஏ10கே மடக்கை வகை. ஒரு பக்கம் மந்தமாகவும் மறுபக்கம் துள்ளலாகவும் இருக்கும். ஓரக் கால்கள் இரண்டும் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும், நடுக்கால் ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையின் அனலாக் பின்னுக்கும் போகும். அசைவு தலைகீழாக வந்தால் ஓரக் கம்பிகளை மாற்றிப்போட்டால் போதும். ஆர்டுயினோவில் லியோனார்டோ அல்லது ப்ரோ மைக்ரோ எடுங்கள். ஊனோ ஆர்3 போன்ற பழைய ஊனோ நேரடியாக ஜாய்ஸ்டிக்காக யுஎஸ்பியில் தெரியாது. திரையில் விமானம் நடுங்கினால் நடுக்காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வையுங்கள்.

முன்பின் அசைவுக்கு இன்னொரு பொட்டென்ஷியோமீட்டர், அதில் 70 மி.மீ. விட்டக் கப்பி, சுற்றிலும் நீளாத கயிறு. 150 மி.மீ. ஓட்டம் ஏறத்தாழ 245 பாகைச் சுழற்சியாகும். இரு அசைவுக்கும் தடுப்பு மரத்திலோ இரும்பிலோ இருக்கட்டும். அது இல்லாவிட்டால் கையின் முழு விசையும் பொட்டென்ஷியோமீட்டரின் உள்தடுப்பில் இறங்கி அதை உடைத்துவிடும்.

நடுநிலைக்கும் தமிழில் அருமையான சொல் உண்டு. நுகத்தின் நடு ஆணி பகலாணி. 'நெடுநுகத்துப் பகல் போல நடுவுநின்ற நன்னெஞ்சினோர்' என்கிறது பட்டினப்பாலை. கைநுகத்தின் பூச்சியப் புள்ளியைத் தயங்காமல் 'பகல்' எனலாம். அதை நிறுத்த ஒற்றை ஸ்பிரிங் போதாது. நடுவில் அது இழுவை இழந்து தொளதொளக்கும். ஒரே அளவான இரண்டு ஸ்பிரிங்குகளை, ஏற்கெனவே கொஞ்சம் இழுபட்ட நிலையில், எதிரெதிராக மாட்டுங்கள். பிறகு இடப்பக்கம் திருப்பிக் கையை எடுத்து, ஆர்டுயினோ காட்டும் அளவைக் குறியுங்கள், வலப்பக்கம் திருப்பிக் கையை எடுத்தும் குறியுங்கள். ஆர்டுயினோ 0 முதல் 1023 வரை காட்டும் அளவில் இரண்டும் 10க்கு மேல் வேறுபட்டால் தண்டு எங்கோ இறுகுகிறது, அல்லது ஸ்பிரிங்கின் இழுவை போதவில்லை. அதைச் சரிசெய்த பின்பே மென்பொருளில் 2 சதவீத டெட்சோன் (நடுவில் சிறு அசைவைக் கண்டுகொள்ளாத இடைவெளி) வையுங்கள்.